பாசுமதிக்குத் தண்ணீர்: ஒன்றுக்கு ஒன்றரை எப்போது பொய்க்கும்

ஒரு கப் பாசுமதிக்கு ஒன்றரை கப் தண்ணீர் என்று வைத்தால் பூப்போல உதிர்கிறது. விருந்தாளி வருகிறார்கள் என்று அதே கணக்கில் ஆறு கப் வைத்தால் அடியில் களி, நடுவில் கட்டி. அரிசியும் அதே பைதான், கையும் அதே கைதான். கெடுத்தது அந்த 'ஒன்றுக்கு ஒன்றரை'.

பானையில் ஊற்றும் தண்ணீர் இரண்டு இடத்துக்குப் போகிறது. ஒரு பங்கை அரிசி குடிக்கும். இன்னொரு பங்கு ஆவியாகி மூடி இடுக்கு வழியாக வெளியேறும். அரிசி குடிப்பது அரிசியின் அளவைப் பொறுத்தது: அரை மணி நேரம் ஊறி, நன்றாக வடித்த பாசுமதி, கப்புக்கு ஏறக்குறைய ஒரு கப் தண்ணீர் குடிக்கும். (எல்லா இடத்திலும் ஊறுவதற்கு முன் அளந்த கப்பைத்தான் சொல்கிறேன்.) ஆவியாவதோ அரிசியைக் கண்டுகொள்ளாது. பாத்திரத்தின் வாய் எவ்வளவு அகலம், மூடி எவ்வளவு இறுக்கம், தீ எவ்வளவு, எத்தனை நிமிடம் என்பதுதான் அதற்குக் கணக்கு. சின்ன, அடி கனமான பாத்திரம், பொருந்துகிற மூடி, சிறு தீயில் 12 நிமிடம் என்றால் சுமார் அரை கப் போகும். ஆக ஒரு கப் அரிசிக்கு ஒன்று கூட்டல் அரை, ஒன்றரை. கணக்கு சரியாக வந்துவிட்டது, எல்லோரும் அதை விகிதம் என்று நினைத்துவிட்டோம்.

இரண்டு கப் அரிசிக்கு மூன்று கப் வேண்டாம், இரண்டரை போதும். நான்கு கப்புக்கு நாலரை, மிஞ்சினால் நாலேமுக்கால். ஆறு கப்புக்குப் பெரிய பாத்திரம் தேவைப்படும், வாய் அகலம் கூடும், அதனால் ஆவிக்கு முக்கால் கப் ஒதுக்கினால் ஆறேமுக்கால். விகிதப்படி போனால் ஒன்பது ஊற்றியிருப்போம். அந்த இரண்டேகால் கப் எங்கும் போகாமல் உள்ளேயே நின்று அரிசியைக் குழைக்கிறது.

உங்கள் பாத்திரத்தின் பங்கு எவ்வளவு என்று ஒரு முறை அளந்துவிடுங்கள். வெறும் பாத்திரத்தில் மூன்று கப் தண்ணீர் ஊற்றிக் கொதி வரவிட்டு, மூடி போட்டு, வழக்கமாகச் சாதத்துக்கு வைக்கிற சிறு தீயில் 12 நிமிடம் வையுங்கள். ஆறியபின் திரும்ப அளந்தால் குறைந்தது எவ்வளவோ அதுதான் அந்தப் பாத்திரத்தின் பங்கு. சில மெல்லிய அலுமினியப் பாத்திரங்கள், ஆடுகிற மூடியோடு, முக்கால் கப்பைச் சாதாரணமாகத் தின்னும். அதன் பக்கவாட்டில் பெயிண்டால் எழுதி வைத்தாலும் தப்பில்லை.

தராசு இருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். 200 கிராம் காய்ந்த பாசுமதி, உதிரியாக வெந்து முடிந்தபின் சுமார் 500 கிராம் இருக்கும், அதாவது இரண்டரை மடங்கு. அதைத் தாண்டித் தாண்டிப் போனால் சாதம் மென்மையாகும், பிறகு குழையும்.

ஒரு எச்சரிக்கை. எலக்ட்ரிக் ரைஸ் குக்கரோடு வருகிற பிளாஸ்டிக் கப் பெரும்பாலும் 180 மில்லி. சமையல் குறிப்புகளில் வருகிற கப் 240 மில்லி. அரிசியை ஒன்றிலும் தண்ணீரை மற்றதிலும் அளந்தால் எந்தக் கணக்கும் நிற்காது. ஆழாக்கோ டம்ளரோ, இரண்டுக்கும் ஒன்றே.

இனி அரிசி. பாசுமதி என்பது ஒரே அரிசியின் பெயரல்ல. இமயத்தின் அடிவாரச் சமவெளியில், பஞ்சாபின் இரு பக்கத்திலும், ஹரியானா, டேராடூன், மேற்கு உத்தரப் பிரதேசம், ஜம்மு எனப் பரந்து விளைகிற ஒரு குடும்பம். இந்தியாவில் 2016-ல் புவிசார் குறியீடு கிடைத்ததும் இந்த வட்டாரத்தின் இந்தியப் பகுதிக்குத்தான். நம் கடைகளில் நிறையக் கிடைப்பது பூசா 1121 என்கிற ரகம். 2003-ல் வெளிவந்தது. பச்சையாகவே 8 மில்லிமீட்டரை ஒட்டி நீளம், வெந்தால் இரண்டு மடங்குக்கு மேல் நீளும். பார்வைக்கு இதை அடிக்க ஆளில்லை. ஆனால் மணம் என்று வந்தால் பழைய ரகங்கள்தான்: பாசுமதி 370, தராவடி, டேராடூன். இவை 1121-ஐவிடக் குட்டை, விலையோ அதிகம். தட்டில் நீளமாகத் தெரிய வேண்டிய பிரியாணிக்கு 1121 வாங்குங்கள். பருப்பும் நெய்யும் ஊற்றித் தின்கிற வெறும் சாதத்துக்கு 370 கிடைத்தால் அதைத் தவிர வேறு தேவையில்லை என்பது என் கட்சி. பையில் திபார், துபார், மோக்ரா என்று இருந்தால் அது வெவ்வேறு அளவில் உடைந்த அரிசி. மணம் அதேதான், விலை பாதிக்கும் கீழே வரலாம். பாயசத்துக்கும் தயிர்சாதத்துக்கும் முழு அரிசி வாங்கிக் குழைய விடுவதைவிட மோக்ரா புத்திசாலித்தனம்.

பழைய அரிசியா புது அரிசியா என்பது ரகத்தைவிட முக்கியம். அறுவடை ஐப்பசியை ஒட்டி நடக்கிறது. அந்த நெல்லை ஓராண்டோ ஈராண்டோ வைத்திருந்து விற்பது வழக்கம். வைத்திருக்க வைத்திருக்க ஈரம் குறையும், மணி இறுகும், வேகும்போது மாவுச்சத்து தண்ணீரில் கரைவது குறையும். அதனால்தான் பழைய அரிசி ஒட்டாமல் நீளுகிறது, தண்ணீரும் கூடக் குடிக்கிறது. பச்சை அரிசியைக் கையில் கொட்டிப் பார்த்தால் பழையது லேசான தந்த நிறம், புதியது சுண்ணாம்பு வெள்ளை. புதிய அரிசி என்று தெரிந்தால் கப்புக்கு இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரைக் குறையுங்கள், நன்றாகப் பழையது என்றால் அதே அளவு கூட்டுங்கள். பையைத் திறந்ததும் செண்ட் கடை போல அடித்தால் சந்தேகப்படுங்கள். பச்சை பாசுமதியின் மணம் மெல்லியது, உலையில்தான் அது எழும். செயற்கை மணம் சேர்க்கக் கூடாது என்பது 2023 ஆகஸ்ட் முதல் இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி.

அந்த மணத்துக்குக் காரணமான பொருள் 2-அசிட்டைல்-1-பைரோலின். ஈழத்து வீடுகளில் சோற்றுக்கும் கறிக்கும் போடுகிற ரம்பை இலையின் மணமும் இதே பொருள்தான். சாதாரண அரிசி வைக்கும்போது ரம்பைத் துண்டு ஒன்று போட்டால் பாசுமதி சாயல் வருவது இதனால். இது எளிதில் ஆவியாகிப் பறந்துபோகும். கொதிக்கிற நேரம் நீள நீள அடுக்களை மணக்கும், தட்டு மணக்காது. ஊறவைப்பதன் ஒரு பலன் இங்கே இருக்கிறது: ஊறிய அரிசி சீக்கிரம் வேகும், மணம் மிஞ்சும்.

களைவதில் ஒரு பழக்கத்தை விட வேண்டும். பொன்னியைக் களைவது போல உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தால் பாசுமதியின் முனை உடையும், உடைந்த முனையிலிருந்து மாவு கசிந்து மற்ற மணிகளையும் ஒட்டவைக்கும். அகலமான பாத்திரத்தில் அரிசியை மூழ்கத் தண்ணீர் விட்டு விரல்களை விரித்து மெதுவாக நாலு சுற்று சுற்றி உடனே சாயுங்கள். முதல் கழுநீரை நிற்கவிடாதீர்கள். காய்ந்த அரிசி முதல் தண்ணீரைத்தான் வேகமாக உறிஞ்சும், தூசும் தவிடும் அதோடு உள்ளே போகும். மூன்று தண்ணீர், நான்காவது ஓரளவு தெளிந்தால் போதும். கண்ணாடி போலத் தெளிய வேண்டும் என்று ஏழெட்டு முறை அலசுவதால் ஆவது ஒன்றுமில்லை, அரிசி உடைவதைத் தவிர.

பிறகு ஊறல், 30 நிமிடம். இதைச் சற்று அருகில் போய்ப் பார்ப்பது நல்லது. பச்சை மணி கண்ணாடி போல ஒளி ஊடுருவும். பத்து நிமிடத்தில் ஓரங்கள் வெளுக்கும், அரை மணியில் முழுவதும் சாக்பீஸ் வெள்ளையாகிவிடும். அப்போது ஒரு மணியை எடுத்து நகத்தால் அழுத்தினால் 'டப்' என்று உடையாமல் மாவாக நொறுங்கும். நடுவில் கண்ணாடிக் கோடு இன்னும் தெரிந்தால் ஐந்து நிமிடம் பொறுங்கள். ஊறும்போது மணியில் குறுக்குவாட்டில் நுண்ணிய விரிசல்கள் விழுகின்றன. வேகும்போது மணி பக்கவாட்டில் பருக்காமல் அந்த விரிசல் விரிசலாக நீள்கிறது. நன்றாக வெந்த 1121-ஐ வெளிச்சத்தில் பிடித்தால் மண்புழு உடம்பு போல வளையம் வளையமாகத் தெரிவது இதுதான். உவமை சாப்பாட்டுக்குப் பொருத்தமில்லை, ஆனால் கண்ணால் பார்த்தால் ஒத்துக்கொள்வீர்கள். ஊறாத அரிசியை உலையில் போட்டால் வெளிப்புறம் வெந்து கரையத் தொடங்கும்போதும் நடுவில் தண்ணீர் எட்டியிருக்காது: மேலே குழைவு, உள்ளே அரிசிப் பல். மணிக்கணக்கில் ஊறவிட்டாலும் கெடுதிதான், விரிசல் ஆழமாகிக் கிளறும்போதே இரண்டாகும். ஊறாமல் அவசரமாக வைத்தே ஆக வேண்டும் என்றால் கப்புக்குக் கால் கப் தண்ணீர் கூட்டி, ஐந்து நிமிடமும் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஊறியதைச் சல்லடையில் சாய்த்துப் பத்து நிமிடம் வடியவிட வேண்டும். இதைத் தாவுகிறவர்கள் நிறைய. அரிசியோடு ஒட்டிக்கொண்டு வருகிற தண்ணீர் கப்புக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி இருக்கும், மேலே போட்ட கணக்கு அத்தனையும் அதில் அடிபடும்.

வடிக்காமல் வைக்கிற முறை இது. அளந்த தண்ணீரைக் கொதிக்க வைத்து, கப் அரிசிக்கு முக்கால் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி நெய். நெய் மணத்துக்கு மட்டுமல்ல, நுரை பொங்கி வழிவதையும் குறைக்கும். அரிசியைச் சேர்த்து ஒரே ஒரு முறை அடிவரை கிளறி விடுங்கள். மறுபடி கொதி வந்து, தண்ணீர் அரிசி மட்டத்துக்கு இறங்கி, மேலே சின்னச் சின்னக் குழிகள் தெரியும்போது தீயை முழுக்கக் குறைத்து மூடுங்கள். மூடியைச் சுத்தமான பருத்தித் துணியால் சுற்றி மேலே முடிந்துகொண்டால் ஆவி நீராகிச் சொட்டாது. ஈரான் வீடுகளில் இது அன்றாடம். கேஸ் அடுப்பின் சிறு தீயும் சில வீடுகளில் அதிகம்தான், பாத்திரத்தின் அடியில் பழைய தோசைக்கல்லைக் கொடுங்கள். 10 முதல் 12 நிமிடம். அடுப்பை அணைத்து, திறக்காமல் இன்னும் 10 நிமிடம்.

இந்தக் கடைசிப் பத்து நிமிடம்தான் பலருக்குப் பொறுக்காது. அணைத்த நொடியில் மணியின் மேற்புறம் ஈரமாகவும் நெகிழ்வாகவும் இருக்கும், அடியில் ஈரம் கூட, மேலே குறைவு. சும்மா விட்டால் ஈரம் சமமாகப் பரவும், சூடு கொஞ்சம் இறங்கியதும் வெந்த மாவுச்சத்து இறுகி மணிக்கு உடம்பு வரும். அதற்கு முன்னால் கரண்டியை விட்டால் உடைந்தது கொஞ்சம், பிசைந்தது கொஞ்சம். கிளறுவதும் ஓரத்திலிருந்து, கரண்டிக் காம்பாலோ முள்கரண்டியாலோ, கீழிருந்து மேலாகத் தூக்கிவிடுவதுதான். சட்டி நிறையச் சாதத்தில் குழிக்கரண்டியைக் குத்திச் சுழற்றினால் அத்தனை பக்குவமும் வீண்.

பிரியாணிக்கு வடிக்கிற முறைதான். எண்ணிக்கை பெரிதானால் வெறும் சாதத்துக்கும் இதையே சொல்வேன், ஏனென்றால் இங்கே தண்ணீர் அளவே தேவையில்லை, கண்ணும் கையும் போதும். அரை கிலோ அரிசிக்கு ஐந்து லிட்டராவது தண்ணீர். தண்ணீர் குறைவாக இருந்தால் அரிசி போட்டதும் கொதி அடங்கி, மறுபடி எழும்ப நேரமாகும், அதற்குள் அரிசி வெந்நீரில் கிடந்து மாவு விடும். லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி உப்பு. நாக்கில் வைத்தால் தூக்கலாகத் தெரிய வேண்டும், பெரும்பகுதி கஞ்சியோடு போய்விடும். பட்டை, ஏலக்காய், பிரிஞ்சி இலை போடுவதென்றால் இப்போதே.

புரண்டு கொதிக்கும்போது அரிசியைத் தூவுங்கள். மறுபடி கொதி வந்ததிலிருந்து நேரத்தைப் பாருங்கள். நான்காவது நிமிடத்திலிருந்து அரை நிமிடத்துக்கு ஒரு மணி எடுத்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுக்குங்கள். மூன்று நான்கு துண்டாக உடைந்து ஒவ்வொன்றிலும் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் முக்கால் பதம், தம்முக்குப் போகலாம். அடியில் மசாலா நீர்த்திருந்தால் இன்னும் அரை நிமிடம் முன்னதாகவே. வெறும் சாதத்துக்கு என்றால் வெள்ளைப் புள்ளி மறைந்து, நசுக்கும்போது நடுவில் மட்டும் லேசாக எதிர்ப்புத் தெரிகிற வரை, பொதுவாக ஆறு ஏழு நிமிடம். வடித்ததும் சல்லடையிலேயே மலை போலக் குவித்து வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள். குவியலின் நடுவில் ஆவி அடைபட்டு அங்கே வெந்துகொண்டே இருக்கும். அகலத் தட்டில் பரப்புங்கள், அல்லது சூடான பாத்திரத்தில் திருப்பிக் கொட்டி ஐந்து நிமிடம் மூடுங்கள். குளிர்ந்த நீர் ஊற்றிக் கழுவுவது தேவையில்லாத வேலை, சூடும் போகும் உப்பும் போகும்.

புலாவுக்கு அரிசியை நெய்யில் வறுக்கும்போது உடைவது பெரும் புகார். ஊறிய அரிசி இலகுவாக உடையும் என்பதை மறந்து வறுகடலை போலப் புரட்டுவதுதான் காரணம். தட்டைக் கரண்டியால் ஒன்றரை நிமிடம், மணியின் மேல் நெய் பூசினால் போதும், நிறம் மாற வேண்டியதில்லை. தக்காளி, தயிர், காய்கறி எல்லாம் தண்ணீர் விடும். இரண்டு தக்காளி அரைத்துச் சேர்த்தால் அந்த விழுதையும் தண்ணீர்க் கணக்கிலேயே வையுங்கள்.

பிரஷர் குக்கரில் ஆவி குறைவாகத்தான் போகும், எனவே பாத்திரப் பங்கு கால் கப். ஊறிய ஒரு கப் அரிசிக்கு ஒன்றேகால், இரண்டுக்கு இரண்டேகால். நேரடியாகக் குக்கரிலேயே வைத்தால் நடுத்தரத் தீயில் ஒரு விசில், அணைத்துவிடலாம். வெயிட் தானாக இறங்கியதும் உடனே திறக்க வேண்டும். இறங்கியபின் மூடியே அரை மணி கிடந்தால் வெந்ததும் குழைந்துவிடும். ரைஸ் குக்கருக்குத் தனிக் கலை இல்லை. தண்ணீர் தீர்ந்து அடிச்சூடு நூறு டிகிரியைத் தாண்டியதும் சுவிட்ச் விழும், அதற்குப் பிறகு பத்து நிமிடம் திறக்காதீர்கள், 'வார்ம்' நிலையில் மணிக்கணக்கில் விடாதீர்கள், அடி காய்ந்து தோலாகும்.

செல்லா என்று எழுதியிருந்தால் அது புழுங்கல் பாசுமதி. மஞ்சள் சாயல் இருக்கும். மேலே சொன்ன எந்த நேரமும் அதற்குப் பொருந்தாது: ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் ஊறல், வடிக்கிற முறையில் பத்து நிமிடத்துக்கு மேல். கல்யாணப் பந்திச் சமையலில் இதை விரும்புவது இது எளிதில் குழையாது என்பதால். மணம் குறைவு. புழுங்கல் என்று தெரியாமல் வாங்கி, அரை மணி ஊறவைத்து, அரிசி வேகவே இல்லை என்று திட்டுகிறவர்கள் பையின் பின்பக்கத்தை ஒரு முறை பார்க்கட்டும்.

சாதம் மஞ்சளாக வருகிறது என்றால் பெரும்பாலும் தண்ணீர்தான். காரத்தன்மை கூடிய போர்வெல் தண்ணீரில் அரிசியில் உள்ள நிறமிகள் மஞ்சளிக்கும். உலையில் லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டால் வெளுக்கும், மணியும் கொஞ்சம் இறுகும். அதற்கு மேல் விட்டால் புளிப்பு தெரியும். ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அங்கே நிமிடக் கணக்கைக் கூட்டி, ஆவிக்கும் கொஞ்சம் கூட்டுங்கள், அல்லது குக்கரை நம்புங்கள்.

வண்டு வைத்தால் வெயிலில் காயப்போடுவது நம் வழக்கம். பாசுமதிக்கு அது ஆகாது. திடீர் வெயிலில் ஈரம் சட்டென்று வெளியேறி மணி விரிசல் விடும், சமைக்கும்போதுதான் உடைந்தது தெரியும். நிழலில் பரப்பிச் சலித்து, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

மிஞ்சிய சாதத்தை இரவு முழுக்க மேடையில் விடாதீர்கள். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் கொதியிலும் சாகாதவை. அறைச் சூட்டில் பெருகி அவை விடுகிற நஞ்சு, திரும்பச் சுடவைத்தாலும் போகாது. தட்டில் பரப்பி ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் கட்டியாக, விறைத்து இருக்கும். கெட்டுப்போகவில்லை, மாவுச்சத்து இறுகியிருக்கிறது. ஃப்ரைடு ரைஸ் செய்வதானால் அப்படியே, கையால் உதிர்த்து, நன்றாகக் காய்ந்த வாணலியில் போடலாம். சாதமாகவே வேண்டும் என்றால் கப்புக்கு ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, மூடி, இட்லிப் பாத்திரத்தில் ஐந்து நிமிடம் ஆவி காட்டுங்கள்.